முக்கால் மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

சின்னவளின் லிஸ்ட் இன்று கடைக்கு வந்தது. முதலாளி அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாற்பத்தொரு வரி. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், பேட்டரி எத்தனை, ட்ரைபாட் எது என்று நறுக்குத் தெறித்தாற்போல எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் மற்றவர்களுக்கு உதவியாளராக இருந்து பெட்டி தூக்கியவள், தெரியாமலா இருக்கும்? முப்பதாவது வரியில் மட்டும், கேமராவை உட்கார வைக்கும் பிளேட், லென்ஸைத் தாங்கும் சப்போர்ட் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டு எதிரே எழுதியிருக்கிறாள்: "அக்கா பார்த்துக்கும்."

முதலாளி திரும்பி வந்து, "அக்காங்கறது புதுக் கம்பெனியா? நம்மகிட்ட ஸ்டாக் இருக்கா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இங்கே எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? என் தங்கையின் முதல் படம். ஒளிப்பதிவு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அவள் பெயர் வரப்போகிற முதல் படம். அதில் ஒரு வரி என்னுடையது.

மார்ச் 4, புதன்

பதினாறு வருஷமாக இந்த மேசைதான். வாடகைக்குப் போகிற கேமராவும் லென்ஸும் வாசலைத் தாண்டுவதற்கு முன் என் கை பட்டுத்தான் போகும். எது எதோடு சேரும், எது சேராது என்று யாரும் என்னிடம்தான் கேட்பார்கள். கல்யாணத் தரகர் என்று முதலாளி சொல்வார். பொருத்தம் பார்ப்பதுதானே வேலை.

இந்த ஜோடி லேசில் சேராது போலிருக்கிறது. சின்னவள் கேட்டிருக்கிற ஜூம் லென்ஸ் ஏழு கிலோ. பழையது, என் முழங்கை நீளம். கடையில் அதற்குக் குண்டன் என்று பெயர். முகங்களை அது ஒரு மாதிரி மெத்தென்று காட்டும், புது லென்ஸ்களுக்கு அது வராது. டைரக்டர் பார்த்ததுமே மயங்கிவிட்டாராம். சரி, லென்ஸ் குண்டன். கேமராவோ புது மாடல், என் கைப்பை அளவுதான் இருக்கிறது. கைப்பையில் பூசணிக்காயைத் தொங்கவிட்ட மாதிரி.

லென்ஸைக் கேமராவின் வாயில் மாட்டி அப்படியே தொங்கவிட்டால் வாய் கோணிவிடும். அதனால் கேமராவுக்கு அடியில் ஒரு பிளேட், அதிலிருந்து முன்னால் நீளும் இரண்டு ராடு, அந்த ராடுகளின்மேல் நின்றுகொண்டு லென்ஸின் வயிற்றைத் தாங்க ஒரு சப்போர்ட். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ராடு எவ்வளவு தடிமன், அதிலிருந்து லென்ஸின் நடு எவ்வளவு உயரம் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்கும் அடிப்பக்கத் திருகுத் துளை வேறு வேறு இடத்தில். செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வார்களோ?

மார்ச் 6, வெள்ளி

இரண்டு நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலமாரியைத் தேடினேன். முதல் பிளேட்டில் ஒரு திருகுதான் ஏறியது. ஒற்றைத் திருகில் கேமரா நின்றால் குண்டனின் கனத்துக்கு அது பம்பரம்தான். இரண்டாவதில் திருகு ஏறியது, ராடு மெல்லிசு. குண்டனுக்குத் தடி ராடு வேண்டும். இந்தக் கேமராவுக்கென்றே செய்த சரியான பிளேட் எங்களிடம் ஒன்றே ஒன்று, அது வெளியூர்ப் படப்பிடிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம்தான் வரும்.

கடைசியில் இதே கேமராவின் பழைய மாடலுக்கு வந்த பிளேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு திருகும் ஏறின. தடி ராடும் போனது. வெர்னியர் வைத்து அளந்தேன். சரியான பிளேட்டை விட முக்கால் மில்லிமீட்டர் தடிமன் அதிகம். அதாவது கேமரா அவ்வளவு உயரத்தில் உட்காரும். பரவாயில்லை, சப்போர்ட்டைத் திருகினால் ஏறும், இறங்கும். ஒரு முழு நாள் பொருத்தி வைத்துப் பார்த்தேன். ஜூமை அகல விரித்தால் வைட், முகத்துக்கு நெருங்கினால் டைட், இரண்டிலும் கண்ணாடி மாதிரி இருந்தது.

சப்போர்ட் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அங்கே என் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி வழக்கம்போல "தொடாதீர்கள்". என் கோட்டைப் பார்த்தால் இந்த ஊர் உதவியாளர்கள் கை வைக்க மாட்டார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு கோடு தப்பானதில்லை.

(தலைக்கனம் என்று வீட்டில் இவர் சொல்வார். சொல்லட்டும்.)

மார்ச் 7, சனி

சின்னவள் மத்தியானம் சாப்பிட வந்தாள். பாதி நேரம் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இவர் ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். இவர் வேலை பார்க்கிற பல் லேபில் யாரோ ஒருவருக்குச் செய்த பல் செட்டை இன்னொருவர் வாயில் மாட்டிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டுக்குப் போன கதை. அவள் சிரித்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

பிறகுதான் விஷயம் வந்தது. தயாரிப்பாளருக்கு இவள்மேல் நம்பிக்கை இல்லையாம். பேசும்போதெல்லாம் வாட்சைப் பார்ப்பாராம், அதனால் இவள் வைத்த பெயர் கடிகாரம். அவர் கைவசம் அனுபவசாலி ஒருவர் இருக்கிறார், முப்பது படம் செய்தவர், இப்போது வேலையில்லாமல் இருக்கிறார். டைரக்டர் பிடிவாதமாக நின்றதால் புதன்கிழமை ஒரு டெஸ்ட். குண்டனை வைத்து, நடிகர்களை வைத்து, அவளே ஒளியமைத்து எடுக்க வேண்டும். அது நன்றாக வந்தால் படம் இவளுக்கு. இல்லையென்றால் அந்தப் பெரியவருக்கு.

"லென்ஸை மாத்திக்கிறேன்னு சொன்னா கடிகாரம் கொஞ்சம் இறங்கி வருவாருக்கா. ஆனா எனக்கு இந்தப் படம் அந்த லென்ஸ்லதான் தெரியுது. நான் கிறுக்கா?"

கிறுக்கு இல்லை என்று சொன்னேன். பிளேட்டும் சப்போர்ட்டும் பாறை மாதிரி நிற்கும், அதை என் தலையில் போட்டுவிட்டு முகங்களைப் பார் என்றும் சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

சரியான பிளேட் ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்தது. சேறு, மணல். துடைத்து, பழைய மாடல் பிளேட்டைக் கழற்றி இதை மாட்டினேன். பத்து நிமிஷம். ஆறு மணி பஸ்ஸையும் பிடித்துவிட்டேன், உட்கார இடமும் கிடைத்தது. நல்ல நாள்.

மார்ச் 10, செவ்வாய்

பெட்டிகள் போய்விட்டன. சின்னவள் கையெழுத்துப் போட்டபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மார்ச் 11, புதன்

டெஸ்ட். போன் இல்லை. நானும் பண்ணவில்லை. சும்மா இருக்க முடியாமல் அலமாரியில் இருந்த எல்லாத் திருகுகளையும் அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

எப்படி எழுதுவது.

பதினோரு மணிக்குச் சின்னவள் கடைக்கு வந்தாள், பின்னால் பெட்டிகளோடு அவளுக்கு போகஸ் பிடிக்கிற உதவியாளர், போகஸ்காரர். அந்த மனிதர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை, அடக்கமான ஆள். இன்று தலையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

டெஸ்ட்டைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டைட் ஷாட்டெல்லாம் அருமையாம். வைட் வந்ததும் படத்தின் மேல் பாதி கூர்மை, கீழ்ப் பாதி சாஃப்ட். கதாநாயகியின் கண் தெரிகிறது, கை தெரியவில்லை. மேசையில் வைத்த கடிதம் தெரியவில்லை. ஒரு ஷாட்டில் இல்லை, எல்லா வைடிலும். கடிகாரம் விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, ஓட்டை லென்ஸைக் கட்டிக்கொண்டு அழும் பெண்ணிடம் படத்தைக் கொடுக்க முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். நாளை மூன்று மணிக்கு முடிவு.

குண்டனை எங்கள் ஒளி பாய்ச்சும் பரிசோதனைப் பெட்டியில் மாட்டிச் சுவரில் விழும் கோடுகளைப் பார்த்தேன். ஓரம்வரை கூர்மை. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னதும் அவள் இன்னும் சுருங்கிப் போனாள்.

"அப்ப நான்தான். நேத்து அந்தச் சின்ன மானிட்டர்ல பாக்கறப்ப எனக்குத் தெரியவே இல்லக்கா. பன்னெண்டு வருஷமா கண்ண மட்டுமே நம்பி வந்தேன், அதுவே சரியில்ல போல."

வாசல்வரை போனேன். பஸ் நிறுத்தம்வரை கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். மேசைக்கு வந்து அந்த லிஸ்ட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே நாள், சாப்பிட்ட பிறகு

இவர் வந்தார், புருவமெல்லாம் பல் அச்சு மாவு. நான் பேசவில்லை என்றதும் அவரே பேசிக்கொண்டிருந்தார். பாவம், வேறு என்ன செய்வார்? ஒரு அம்மாவுக்குச் செய்து கொடுத்த பல் திரும்பி வந்ததாம். பல்லில் குறையே இல்லையாம், ஆனால் கடித்தால் தாடை ஒரு பக்கமாகப் போகிறதாம். நீல மைத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால் ஒரு இடத்தில் மட்டும் கருநீலமாகப் பதிந்ததாம்.

"ஒரு மயிரிழ உயரம். அவ்வளவுதான். மொத்தத் தாடையும் அதுக்குத் தகுந்த மாதிரி கோணிக்குது. பல்லு மேல தப்பில்ல, உக்கார்ற உயரம் தப்பு."

அவர் அடுத்து என்ன சொன்னார் என்று தெரியாது. எழுந்து வந்து இந்த நோட்டைத்தான் எடுத்தேன். ஆறாம் தேதிப் பக்கம். என் கையெழுத்து. முக்கால் மில்லிமீட்டர் தடிமன் அதிகம்.

ஐயோ. பழைய பிளேட்ல வச்சுத்தானே அந்தக் கோட்டப் போட்டேன். திங்கக்கிழம பிளேட்ட மாத்தினேன். கேமரா முக்கால் மில்லிமீட்டர் கீழ வந்துடுச்சு. கோடு அங்கயேதானே நிக்குது! நான்தானே எழுதினேன், நான்தானே மாத்தினேன், பத்து நிமிஷத்துல மாத்திட்டேன்னு பெருமை வேற. பஸ்ஸுல இடம் கிடைச்சுதாம். நல்ல நாளாம்!

சப்போர்ட் கீழேயிருந்து லென்ஸை மேலே நெம்பியிருக்கிறது. லென்ஸ் சாய்ந்து, கேமராவின் வாய் கோணி, கீழ்ப் பாதி மங்கியிருக்கிறது. அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. லென்ஸில் ஒன்றும் இல்லை. கோடுதான். என் கோடு.

மார்ச் 13, வெள்ளி

காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்தேன். எல்லாவற்றையும் அப்படியே பொருத்தி, சப்போர்ட்டைக் கோடுவரை ஏற்றினேன். வைடில் கீழ்ப் பாதி சாஃப்ட். ஒரு மயிரிழை இறக்கினேன். கூர்மை. ஏற்றினேன், சாஃப்ட். பத்துத் தடவை செய்தேன். பத்தாவது தடவையிலாவது வேறு மாதிரி வராதா என்று ஒரு நப்பாசை.

ஒரு விஷயத்தை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? எட்டு மணிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டைச் சுரண்டிவிடலாம். லென்ஸைச் சரிபார்த்தாகிவிட்டது, இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லலாம். எடுத்தால் நன்றாக வரும். கேட்டால் தூசி என்று சொல்லலாம், வெயில் என்று சொல்லலாம். பதினாறு வருஷத்துப் பெயர் பத்திரமாக இருக்கும்.

பேனாக்கத்தியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு டெஸ்ட் கெட்டு, காரணம் தெரியாமல் இன்னொன்று நன்றாக வந்தால், கடிகாரம் என்ன நினைப்பார்? அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் வரும், ஒருநாள் வராது என்றுதான். அவளும் அப்படியே நினைத்துக்கொள்வாள். ஆயுசுக்கும் தன் கண்ணைச் சந்தேகப்படுவாள். கத்தியை வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் முதலில் சொன்னேன். கடையின் பெயர் கெடுமே என்றார். கெடும் என்றேன். போய்ச் சொல்லிவிட்டு வா, ஆனால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ, வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார். அவரே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தயாரிப்பாளர் அலுவலகத்தில் நீள மேசை. கடிகாரம், டைரக்டர், சின்னவள், போகஸ்காரர். பெரியவர் இல்லை, நல்லவேளை. யாரும் உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தப்பு லென்ஸில் இல்லை, ஒளிப்பதிவாளரிடம் இல்லை, போகஸ் பிடித்தவரிடமும் இல்லை. நான் வேறு பிளேட்டை வைத்துக் கோடு போட்டேன், பிளேட்டை மாற்றினேன், கோட்டை மாற்ற மறந்தேன். மேசைமேலேயே பொருத்தி, கீழ்ப் பாதியைப் பெரிதாக்கி மானிட்டரில் காட்டினேன். கோடுவரை ஏற்றியது. இறக்கியது. டைரக்டர் எழுந்து வந்து தானே திருகிப் பார்த்தார்.

அப்போதுதான் போகஸ்காரர் வாயைத் திறந்தார். "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு மேடம். கைக்குத் தெரிஞ்சுது. ஆனா உங்க கோடு இருந்துச்சு. தொடாதீங்கன்னு வேற இருந்துச்சு. உங்க கோடு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் கைக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு என் டேப்பை நம்பியிருக்கிறார் மனிதர்.

சின்னவள் என்னைப் பார்க்கவேயில்லை. அந்த வெள்ளை டேப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டி அதை உரித்து, உருட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

கடிகாரம் வாட்சைப் பார்த்தார். நாளைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, அதே அறை, அதே நடிகர்கள், ஒரே ஒரு தடவை என்றார். கிளம்பும்போது முதலாளியிடம், "தப்பை ஒத்துக்கறதுக்கு இவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிட்டு வந்த ஆளை நான் பாத்ததில்ல" என்று சொன்னாராம். பாராட்டா, கிண்டலா? முதலாளிக்கும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

ஆறே முக்காலுக்குப் போய்விட்டேன். கையில் இவர் கொடுத்த சின்ன டப்பா, உள்ளே பல் லேபின் நீல மைத்தாள், விரல் அகலத் துண்டுகளாக. ராத்திரி நான் கேட்கவில்லை, காலையில் அவரே என் பைக்குள் வைத்திருந்தார்.

பழக்கம் போகுமா? பெட்டியைத் திறந்ததும் என் கை தானாக சப்போர்ட்டுக்குப் போனது. சின்னவள், "நான் வைக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். டப்பாவைக் கொடுத்தேன். என்ன இது என்றாள், உன் மாமா கொடுத்தார் என்றேன், எதற்கு என்று சொன்னேன். சிரித்தாள் போலிருந்தது, சரியாகத் தெரியவில்லை.

பிளேட்டில் கேமராவை உட்கார வைத்து, இரண்டு திருகையும் அவளே இறுக்கினாள். குண்டனைப் போகஸ்காரர் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்க, மாட்டினாள். சப்போர்ட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, லென்ஸின் வயிற்றுக்கும் அதற்கும் நடுவில் நீலத் தாளை வைத்து, மெல்ல மெல்ல ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே தாளை இழுத்துப் பார்த்தாள். முதலில் சும்மா வந்தது. இன்னும் கொஞ்சம். தாள் ஒரு தடவை தயங்கி, பிறகு வந்தது. நிறுத்தினாள். போகஸ்காரரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். அவரும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். லென்ஸின் வயிற்றில் லேசாக நீலம். துணியால் துடைத்துவிட்டாள்.

கோடு போடவில்லை. டேப் ஒட்டவில்லை. ஒவ்வொரு தடவை கேமராவை நகர்த்திய பிறகும் தாளை வைத்துப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, அப்படி ஒவ்வொரு தடவையும் பார்ப்பது நேரத்துக்குக் கேடு, ஒரு கோடு போட்டால் தீர்ந்தது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று முழுங்கினேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடித்தாள். மானிட்டரில் அந்த நடிகை, கை, மேசை, கடிதம். கடிதத்தின் மடிப்புவரை தெரிந்தது. என் தங்கை எடுத்தது. நான் அந்த அறையில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

போன் இல்லை. துணி துவைத்தேன். இவர் சமைத்தார், உப்பில்லை, சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

நாலரைக்குச் சின்னவள் போன் அடித்தாள். மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள், போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

"படம் எனக்குத்தான்க்கா."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே பேசியதும் அவள்தான். கோபம் இன்னும் இருக்கிறதாம், ஒன்றிரண்டு வாரம் இருக்குமாம், கண்டுகொள்ளாதே என்றாள். சரி என்றேன்.

"சின்ன வயசுல என் ஷூ லேஸுக்கு ரெண்டு முடிச்சுப் போடுவியே, ஞாபகம் இருக்கா? அவுந்துடக் கூடாதுன்னு. அவுக்கத் தெரியாம நான் ஷூவோடயே தூங்கியிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது. மன்னிச்சுடும்மா என்றேன், எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியாமல். பிளேட்டுக்கா, லேஸுக்கா? அவள் இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்ட மாதிரி, "ஞாயித்துக்கெழம சாப்பிட வரேன். மாமாவ சமைக்க விடாத" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 18, புதன்

முதலாளி புது விதி போட்டிருக்கிறார். பிளேட் மாறினால் கோட்டைச் சுரண்டிவிட வேண்டும், யார் போட்ட கோடாக இருந்தாலும். என் வெள்ளை பெயிண்ட் பேனாவை அவர் டிராயருக்குள் வைத்துக்கொண்டார், வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டுமாம். பதினாறு வருஷத்துக்குப் பிறகு பென்சில் பறிகொடுத்த பிள்ளை மாதிரி அசடு வழிந்துகொண்டு நின்றேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்கு நீல மைத்தாள் வேண்டும் என்று இவரிடம் கேட்டேன். கமிஷன் உண்டா என்கிறார்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்று முதல் ஷாட். புகைப்படம் அனுப்பியிருந்தாள்: குண்டன், கேமரா, அவள் செருப்பு. முகம் இல்லை. செருப்பு புதுசு.

மே 10, ஞாயிறு

இருபது நாளாகப் பிளேட் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. முதல் வாரம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், குளியலறைக்குக்கூட எடுத்துப் போனேன். இப்போது அப்படி இல்லை. இன்று அடித்தாள். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை. முட்டை வேகவைக்க எத்தனை நிமிஷம் என்று கேட்டாள்.

ஜூன் 19, வெள்ளி

ஐம்பத்திரண்டு நாள் படப்பிடிப்பு முடிந்து பெட்டிகள் திரும்பி வந்தன. போகஸ்காரர்தான் கொண்டுவந்தார். கறுத்துப்போயிருக்கிறார், ஆனால் பேசுகிறார். கடைசி நாள் கடிகாரம் வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கைதட்டினாராம். அடுத்த படத்தையும் அவளிடமே கொடுக்கப் போவதாகப் பேச்சாம். அதைச் சொல்லும்போது தன் படத்தைச் சொல்வதுபோல அவர் முகம் மலர்ந்தது. அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாள், இரண்டு நாளைக்கு எழுப்ப வேண்டாம் என்று சொல்லச் சொன்னாளாம்.

அவர் போன பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். பிளேட், இரண்டு திருகு, ராடு. எல்லாம் இருந்தன, எதுவும் கோணவில்லை. நீல மைத்தாள் டப்பா காலி. சப்போர்ட்டை எடுத்தேன். என் வெள்ளைக் கோடு இல்லை, சுத்தமாகச் சுரண்டியிருக்கிறார்கள். என் டேப் இருந்த அதே இடத்தில் வேறொரு டேப். அழுக்கேறி, ஓரம் சுருண்டு, ஐம்பத்திரண்டு நாள் யார் யார் கையோ பட்டுப் பளபளத்துப் போயிருந்தது. அவள் கையெழுத்து.

"தொட்டுப் பார்த்து வைக்கவும்."

திரும்பி வருகிற சாமான்களில் ஒட்டியிருக்கிற எல்லா டேப்பையும் உரித்து, பசையைத் துடைத்துத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். நான் போட்ட விதிதான் அது, பதினாறு வருஷமாக ஒருவரையும் விட்டதில்லை. இன்று இந்த ஒன்றை மட்டும் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.